கேட்டுவிட்டுப் போன வழி

எங்கள் வீட்டிலிருந்து தார்ச்சாலைக்கு வண்டி போக ஒரே வழிதான் உண்டு. அது எங்கள் வழி இல்லை. கல்யாணமாகி வந்த அன்றைக்கே எனக்கு அது தெரிந்துவிட்டது. அலங்காரம் பண்ணிய கார் முன்வீட்டு வாசலில் நின்றது. என் வீட்டுக்காரர் கண்ணாடியை இறக்கி, "பெரியம்மா, உள்ள வரட்டுங்களா?" என்று கேட்டார். முன்வீட்டு அம்மாள் வாசலில் காய்ந்துகொண்டிருந்த முந்திரிக்கொட்டையைக் காலாலேயே ஒதுக்கிவிட்டு, "வாடா மாப்ள, பொண்ண அழைச்சுக்கிட்டு வரச்சயும் கேக்கணுமா?" என்று சிரித்தார். கார் அவர் வாசலைத் தாண்டி, புளியமரத்தைச் சுற்றி, பின்மனையில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்தது.

ஆண்டிமடத்துக்கும் உடையார்பாளையத்துக்கும் நடுவில், முந்திரிக்காட்டை ஒட்டின ஊர் எங்களுடையது. சாலையோரம் இருக்கிற முன்மனை அந்த அம்மாளுடையது. சொந்தமெல்லாம் கிடையாது. என் வீட்டுக்காரர் சின்ன வயதிலிருந்து பெரியம்மா என்று கூப்பிடுகிறார், அதனால் எனக்கு அவர் அத்தை. சொந்த மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால், எனக்கு வாய்த்த மாமியார் கொடுமை, மாமியார் பாசம் இரண்டுமே இவர் கொடுத்ததுதான். குழம்பில் புளி அதிகம் என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மோந்து பார்த்தே சொல்லிவிடுவார்.

அடுத்தவர் வாசலை மிதித்துப் போகும்போது ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது எங்கள் பக்கத்துப் பழக்கம். பதிலை எதிர்பார்த்து யாரும் கேட்பதில்லை. "அத்தை, இப்படிக்கா போயிக்கட்டுங்களா?" என்று நான் கேட்கும்போதே பாதி வாசலைத் தாண்டியிருப்பேன். "போ ஆயி, என்னத்தக் கேட்டுக்கிட்டு" என்று அவர் சொல்லும்போது நான் சாலையில் பஸ்ஸுக்குக் கையைக் காட்டிக்கொண்டிருப்பேன். கேட்காமல் போனால்தான் ஊரில் பேச்சு வரும். "அந்த வூட்டு மருமவ தலையத் தூக்கிக்கிட்டுப் போறா" என்பார்கள். எங்கள் மரத்தில் முதலில் பழுக்கிற பலாப்பழம் அத்தை வீட்டுக்குப் போகும். மாமனார் காலத்திலிருந்து அப்படித்தான். அத்தையும் அதில் பாதியை அறுத்து எங்களுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்.

என் வீட்டுக்காரர் குட்டியானை ஓட்டுகிறார். சிறிய சுமை வண்டிக்கு எங்கள் பக்கம் அப்படித்தான் பெயர். அது எங்கள் சொந்த வண்டி. பூலாம்பாடிப் பக்கம் சின்ன வெங்காயம் ஏற்றுவார், சீசனில் முந்திரிக்கொட்டை, பலாப்பழம். அந்த வண்டிதான் எங்கள் சோறு. நான் உடையார்பாளையத்தில் ஒரு தனியார் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர். அந்தச் சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதே அதற்குச் செய்கிற மரியாதை.

அத்தையின் மகன் சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்தான். நல்ல பையன், என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவான். முன்மனையில் பெரிய வீடு கட்டி, சுற்றிச் சுவர் எழுப்பவேண்டும் என்று அவனுக்கு ஆசை. தப்பில்லை, அவன் மனை. ஒரு வாரமாக எங்கள் வீட்டுக்காரர் காய்ச்சலில் படுத்திருந்தார், வண்டி வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் நின்றது. நான் பள்ளிக்கூடம் போய்விட்டுத் திரும்பி வந்தபோது, புளியமரத்துக்கு இந்தப் பக்கம் வரிசையாகக் கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்திருந்தது. ஓரத்தில் ஆள் ஒருக்களித்து நுழையுமளவுக்கு ஒரு சந்து. ஆள் போகலாம். குட்டியானை எங்கே போகும்? அது உள்ளே மாட்டிக்கொண்டது.

"அளந்து பாத்தேன் அண்ணி. எல்லாம் எங்க எடம். வண்டிக்கு நீங்க ஏரிக்கரப் பக்கமா வழி பண்ணிக்குங்க" என்றான் அவன். ஏரிக்கரைப் பக்கம் ஒரு ஒற்றையடிப்பாதை உண்டு. மழைக்கு முன் ஆடு போகும், மழைக்குப் பின் அதுவும் போகாது. அத்தை திண்டாட்டத்தோடு உள்ளே நின்றுகொண்டிருந்தார். வெளியே வரவில்லை. எனக்கு மகன் மேல் வந்ததைவிட அவர் மேல்தான் கோபம் அதிகம் வந்தது.

இரண்டு பெரிய மனிதர்களை வைத்துப் பேசிப் பார்த்தோம், நடக்கவில்லை. ஜெயங்கொண்டத்தில் ஒரு வக்கீலைப் பிடித்தோம். அவர் கதையை முழுவதும் கேட்டுவிட்டு, ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு கட்டம் வரைந்தார். முன்கட்டம் அவர்கள், பின்கட்டம் நாங்கள்.

"ரெண்டு மனையும் ஒரு காலத்துல ஒரே சொத்தா இருந்து பிரிஞ்சிருந்தா, வேற வழியே இல்லன்னா, அவசியத்துக்காக வழி கேக்கலாம். உங்களுது அப்படி இல்ல. ஏரிக்கரையில ஒரு பாதையும் இருக்கு."

"அதுல மனுசன் போக முடியாது சார்" என்றேன்.

"அசௌகரியம் வேற, அவசியம் வேறம்மா. கோர்ட்டு அப்படித்தான் பாக்கும். நமக்கு இருக்கறது இன்னொண்ணு. இருபது வருசத்துக்கு மேல ஒரு வழியில வெளிப்படையா, தகராறு இல்லாம, யாரு தயவும் இல்லாமப் போயிட்டு இருந்தா, அதுல போற உரிமை நமக்கு வந்துடும். நெலம் அவங்களுது, வழி நம்முளுது. வழியுரிமைன்னு பேரு. ஆனா அனுமதி வாங்கிப் போயிருந்தா, நூறு வருசம் போனாலும் அந்த உரிமை வராது."

நானும் என் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் மெதுவாக, "சும்மா ஒரு வார்த்த கேட்டுட்டுப் போவோம் சார்" என்று ஆரம்பித்தார்.

வக்கீல் பேனாவை மேசையில் வைத்தார். "எனக்கு அது காதுல விழல" என்றார்.

எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது சிரிப்பு வந்தது. "அப்ப திருட்டுத்தனமாப் போயிருக்கணுமா சார்?"

"இல்லம்மா. திருட்டுத்தனமாப் போனாலும் உரிமை வராது. எல்லாரும் பாக்கத்தான் போகணும்."

"எல்லாரும் பாக்க, மரியாத இல்லாமப் போயிருக்கணும்."

அவர் வக்கீல்கள் சிரிக்கிற மாதிரி சத்தமில்லாமல் சிரித்தார். "சட்டத்துக்கு மரியாதன்னு ஒண்ணு தெரியாதும்மா. உரிமை தெரியும், அனுமதி தெரியும். ரெண்டுல ஒண்ணுல உங்கள வச்சுத்தான் பாக்கும். இனிமே அந்தம்மாகிட்ட எதையும் கேக்காதீங்க. தண்ணி வேணும்னாக்கூட கேக்காதீங்க." தண்ணீர் பற்றிச் சொன்னது வேடிக்கைக்காக. நான் அதையும் சேர்த்தே கடைப்பிடித்தேன்.

வழக்கு போட்டோம். என் வீட்டுக்காரர் வாதி ஆனார், அத்தை ஒன்றாம் பிரதிவாதி, மகன் இரண்டாம் பிரதிவாதி. நிலம் இன்னும் அத்தை பெயரில்தான் இருந்தது. வாதி என்றால் வாதாடுகிறவர் என்று நான் நினைத்திருந்தேன். வாதி வாயையே திறக்கக் கூடாது என்பது போகப்போகத் தெரிந்தது. அவருக்காக ஒருவர் பேசுவார், எதிராளிக்காக ஒருவர் பேசுவார், இரண்டு பேரும் மதியம் ஒரே கடையில் டீ குடிப்பார்கள். வாதியும் பிரதிவாதியும்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கவேண்டும்.

வழக்கு முடியும்வரை காத்திருக்க முடியாது என்று ஒரு இடைக்கால உத்தரவு கேட்டிருந்தோம். ஒருநாள் நான் பத்தாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது வக்கீலின் ஜூனியர் போன் பண்ணினார். "மேடம், ஆர்டர் கெடச்சிடுச்சு!"  அடுத்த இடைவேளையில் ஆசிரியர் அறைக்கே கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். தலைமையாசிரியர்கூட எழுந்து நின்று வாழ்த்துச் சொன்னார்.

உத்தரவில் இருந்தது இதுதான்: வழக்கு முடியும்வரை இரு தரப்பினரும் தற்போதுள்ள நிலையையே பராமரிக்கவேண்டும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் குட்டியானையைத் துடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம்கூட வைத்துவிட்டிருந்தார். "தற்போதுள்ள நிலைன்னா என்னா?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்து, கம்பிவேலியைப் பார்த்தேன். தற்போது உள்ள நிலை எங்கள் கண் முன்னால் நின்றது. கல்லுக்காலும் முள்கம்பியும், உள்ளே வண்டியும். அத்தனையையும் பத்திரமாக அப்படியே வைத்திருக்கும்படி நாங்களே விண்ணப்பம் போட்டு உத்தரவு வாங்கியிருக்கிறோம். வக்கீலிடம் போனில் கத்தினேன். "வேலி போட்டு ஒரு மாசம் கழிச்சு வந்தீங்க. போட்டன்னிக்கே வந்திருந்தா வேற மாதிரி கேட்டிருக்கலாம். அவங்களும் செவுரு கட்ட முடியாது பாருங்க" என்றார். அவர்கள் இறக்கிவைத்த செங்கல் முன்வாசலில் அப்படியே கிடந்தது. அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

அதற்கப்புறம் வாய்தா, வாய்தா, வாய்தா. போனில் குறுஞ்செய்தி வரும், அடுத்த தேதி இது என்று. அதைக் காலண்டரில் குறித்துவைப்பேன். வழக்கு என்றால் சினிமாவில் பார்த்த மாதிரி எதிரெதிரே நின்று பேசுவது என்று இருந்தவள் நான். நிஜத்தில் அது காத்திருப்பதுதான். நீதிபதி லீவு, எதிர்த்தரப்பு வக்கீல் கல்யாணத்துக்குப் போய்விட்டார், எங்கள் வக்கீல் வேறு கோர்ட்டில். குட்டியானையின் பேட்டரி செத்தது. டயர் மண்ணோடு ஒட்டிக்கொண்டது. பின்தொட்டியில் வேப்பம்பூ கொட்டி மக்கி, அதில் பூசணிக்கொடி ஒன்று தானாக முளைத்துப் படர்ந்தது. என் வீட்டுக்காரர் பெரம்பலூரில் ஒருவருடைய வண்டிக்குச் சம்பள டிரைவராகப் போனார். அடுத்தவர் வண்டியில் வெங்காய மூட்டை ஏற்றிவிட்டு ராத்திரி பஸ்ஸில் வந்து, தன் வண்டியைத் தாண்டித்தான் வீட்டுக்குள் வருவார். அதைத் திரும்பிப் பார்க்கவே மாட்டார்.

அதைவிட நாங்கள் நடந்துகொண்டதுதான் கொடுமை. ஒருக்களித்து நுழைகிற அந்தச் சந்து வழியாக நான் தினமும் அத்தை வாசலைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போகவேண்டும். கேட்கக் கூடாது. தலையைக் குனிந்துகொண்டு, திருடி மாதிரி வேகமாக நடப்பேன். அத்தை வாசலில் உட்கார்ந்து கொட்டை பொறுக்கிக்கொண்டிருப்பார். நான் நெருங்கும்போது நிமிர்ந்து பார்ப்பார். கேட்பேன் என்று வாயைப் பார்ப்பார். நான் தாண்டிப் போனதும் பின்னாலிருந்து அவர் குரல் வரும், "பாத்துப் போ ஆயி." அதற்கும் நான் பதில் சொல்லமாட்டேன்.  எழுபதை நெருங்கும் ஒரு மனுஷியிடம் ஒரு வார்த்தை பேசாமல் போவதற்கு இவ்வளவு பலம் வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

கோர்ட்டுக்குப் போகிற நாளில் இரண்டு தரப்பும் ஒரே பஸ்தான். வேறு பஸ் எங்கள் ஊருக்குக் கிடையாது. மகன் பைக்கில் போய்விடுவான், அத்தை பஸ்ஸில் வருவார். முன் சீட்டில் உட்கார்ந்து பக்கத்தில் பையை வைத்து இடம் பிடித்து, "ஆயி, இஞ்ச எடம் இருக்கு" என்பார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வராந்தாவில் ஒரே பெஞ்சு. மதியம் அவர் டிபன்பாக்ஸைத் திறந்து எலுமிச்சம்பழச் சோற்றை மூடியில் பாதி எடுத்து நீட்டுவார். "வேண்டாங்க" என்பேன். அத்தை என்று சேர்க்காமல் வெறும் 'ங்க' போட்டுப் பேசியதில்லை நான் அவரிடம் அதுவரைக்கும். அந்த 'ங்க' அவர் முகத்தில் அறைந்தது. மூடியை மூடிவிட்டுத் தானும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

விசாரணை ஆரம்பித்தது. நிரூபிக்கும் பொறுப்பு வாதி மேல்தான் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அவர்கள் ஒன்றும் நிரூபிக்க வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். எங்களுக்குத்தான் உரிமை இருக்கிறது என்று நாங்கள்தான் காட்டவேண்டும். வக்கீல் வேறு ஊர் வழித்தகராறுகளில் பெரிய கோர்ட்டுகள் கொடுத்த தீர்ப்புகளையெல்லாம் பிரதி எடுத்து அடுக்கி வைத்திருந்தார். எங்கேயோ, எப்போதோ யாரோ இரண்டு பேர் ஒரு சந்துக்காகச் சண்டை போட்டதை வைத்து எங்கள் புளியமரத்தடியை முடிவு செய்வார்களாம். அந்த ஊர்க்காரர்கள் கேட்டுவிட்டுப் போனார்களா, கேட்காமல் போனார்களா என்று நான் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தேன். கேட்காமல் போனவர்கள்தான் ஜெயித்திருந்தார்கள்.

எங்கள் வீட்டுக்காரருக்கு வக்கீல் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: கேட்ட கேள்விக்கு மட்டும், ஆமாம், இல்லை. "கேட்டுட்டுப் போனீங்களான்னு கேட்டா இல்லன்னு ஒரு வார்த்த. அவ்வளவுதான்." வீட்டில் நான் தினமும் எதிர்க்கட்சி வக்கீலாக நின்று கேட்பேன், அவர் சாப்பிட்டுக்கொண்டே இல்லை, இல்லை என்பார். நன்றாகத்தான் சொன்னார்.

சாட்சிகள் மற்ற சாட்சி பேசுவதைக் கேட்கக் கூடாது, வெளியே இருக்கவேண்டும். நான் சாட்சி இல்லை, அதனால் உள்ளே உட்கார விட்டார்கள். உட்காரலாம், பேசக் கூடாது. அத்தை பிரதிவாதி என்பதால் அவரும் உள்ளே, எனக்கு எதிர்ச் சாரியில். அவர்கள் தரப்புக்கு ஒரு சின்ன வயதுப் பெண் வக்கீல். அதட்டுவார், மேசையைத் தட்டுவார் என்று பயந்து வந்திருந்தோம். கூண்டில் நின்ற என் வீட்டுக்காரரிடம் அவர் பக்கத்து வீட்டுப் பெண் மாதிரிப் பேசினார்.

"முதலாம் பிரதிவாதிய நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க?"

"பெரியம்மான்னு."

"அவங்க மேல மரியாதை உண்டுங்களா?"

எங்கள் வக்கீல் ஆட்சேபிக்க எழுந்தார், ஆட்சேபிக்க ஒன்றுமில்லை என்று உட்கார்ந்தார். "உண்டுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"அவங்க வாசல்ல முந்திரிக்கொட்டை காயறப்போ நீங்க வண்டியோட வந்தா என்ன பண்ணுவீங்க?"

"ஆரன் அடிச்சுட்டு நிப்பேன்."

"எதுவரைக்கும்?"

"அவங்க ஒதுக்கித் தர வரைக்கும்."

நான் பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கேள்வி எந்தப் பக்கம் போகிறது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது, அவருக்குத் தெரியவில்லை. எழுந்து கத்தவேண்டும்போல் இருந்தது. வாயைத் திறந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

"பலாப்பழம் வருசா வருசம் குடுப்பீங்களாமே?"

"மொத பழம் அவங்களுக்குத்தாங்க."

"எதுக்குங்க?"

"வழி விடுறாங்களே."

எங்கள் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பெண் குரலை உயர்த்தவேயில்லை. "அவங்களக் கேக்காம ஒரு நாளாவது அந்த வழியில போயிருக்கீங்களா?"

இல்லை என்று பழகியிருந்தோம். ஆனால் கேள்வி தலைகீழாக வந்தது. இல்லை என்றால் தோற்றோம். ஆமாம் என்று சொல்லவேண்டும். அவர் எங்கள் வக்கீலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கண்ணால் கெஞ்சினேன். அப்புறம் அத்தையைப் பார்த்தார். அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்காம எப்படிங்க போறது?" என்றார்.

அவர் ஒப்புக்கொண்டதை நீதிபதி கோர்ட்டுப் பாஷையில் பக்கத்திலிருந்த தட்டச்சருக்கு நிதானமாகச் சொன்னார்: "ஒவ்வொரு முறையும் முதலாம் பிரதிவாதியைக் கேட்டுவிட்டுத்தான் சென்று வந்தோம் என்றால் சரிதான். வழி விடுவதற்காக ஆண்டுதோறும் பலாப்பழம் கொடுத்து வந்தோம் என்றால் சரிதான்." விசைப்பலகைச் சத்தம் நின்றது. அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அவரைச் சும்மா விடவில்லை. ஆமாம் என்ற ஒரு வார்த்தைக்கு என்ன கேடு வந்தது என்று கேட்டேன், உன் வண்டி அங்கே மக்கிக் கிடக்கிறது, நீ அங்கே அரிச்சந்திரன் வேஷம் போடுகிறாயா என்று கேட்டேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே, "எதுத்தாப்புல உக்காந்திருக்காங்க. அவங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு, உன்னக் கேக்காமப் போனேன்னு எப்படிச் சொல்றது?" என்றார்.  அத்தை முன் சீட்டில்தான் இருந்தார், எல்லாம் கேட்டிருக்கும்.

அத்தையும் ஒருநாள் கூண்டில் ஏறினார். எங்கள் வக்கீல் குறுக்கு விசாரணையில் எப்படியாவது ஒரு வார்த்தையைப் பிடுங்கப் பார்த்தார். "அவங்க கேக்காமப் போயிருந்தா நீங்க தடுத்திருப்பீங்களா?" அத்தை, "கேக்காட்டியும் விட்டிருப்பேன் சாமி, அதுக்கென்ன" என்றார். எனக்கு ஒரு நொடி உயிர் வந்தது. எங்களுக்குச் சாதகமாகத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன், அவரும் அப்படி நினைத்துத்தான் சொன்னார். ஆனால் சட்டத்தில் விடுவதும் அனுமதிதான், விட்டிருப்பேன் என்பதும் அனுமதிதான்.

வழக்கு தள்ளுபடி. வாதி அந்த வழியைப் பயன்படுத்தியது பிரதிவாதியின் அனுமதியின் பேரில்தான், உரிமையின் பேரில் அல்ல என்று தீர்ப்பில் எழுதியிருந்தது. நான் அதைப் பலமுறை படித்துவிட்டேன், ஒரு பொய்கூட இல்லை. மேல்முறையீடு செய்யலாம் என்றார் வக்கீல். இன்னொரு கோர்ட்டு, இன்னொரு வாய்தா, அதே சாட்சியம். "அங்க போனா மட்டும் நான் வேற மாதிரி சொல்லியிருப்பனா?" என்றார் என் வீட்டுக்காரர். விட்டுவிட்டோம்.

தீர்ப்பு வந்த வாரத்திலேயே ஒரு சாயங்காலம் அத்தை கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். வழக்கு முடிந்துவிட்டது, இனிப் பேசினால் தப்பில்லை. இருந்தும் நான் கொடியில் காய்ந்த துணியை எடுத்து மடித்துக்கொண்டே நின்றேன். அவரே பேசினார். "அவங்கிட்ட சண்ட போட்டுச் சொல்லிட்டேன் ஆயி. நான் இருக்க வரைக்கும் வண்டி போவட்டும். கம்பிய எடுத்துட்டு இரும்பு கேட்டு வச்சுடுவான்."

மகன் சம்மதித்தான். ஆனால் அவன் இப்போது கோர்ட்டைப் பார்த்தவன். வாய்வார்த்தையெல்லாம் வேண்டாம் என்று அந்தப் பெண் வக்கீலை வைத்து ஒரு அனுமதிப் பத்திரம் எழுதிக்கொண்டு வந்தான். இந்த வழியில் எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை, அத்தையின் அனுமதியின் பேரிலேயே போகிறோம், அந்த அனுமதியை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம், அத்தையின் ஆயுளோடு அது முடியும். என் வீட்டுக்காரர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். நான் படித்துவிட்டுச் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

பூசணிக்கொடியைப் பிடுங்கி, பேட்டரி மாற்றி, மெக்கானிக் இரண்டு நாள் அடியில் படுத்துக்கிடந்து வண்டியைக் கிளப்பினார். குட்டியானை புகை கக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டிச் சாலைக்குப் போனபோது அத்தை கைதட்டினார். நான் அழுதேன். ஊரில் எல்லாரும் சமாதானமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டார்கள். ஜெயித்த மாதிரிதான் இருந்தது.

அப்புறம்தான் நான் அத்தையைக் கவனிக்க ஆரம்பித்தேன். அவர் இருமினால் எனக்கு அடுப்படியில் கை நின்றுவிடும். காலையில் வாசல் தெளிக்கிற சத்தம் கொஞ்சம் பிந்தினால் எட்டிப் பார்ப்பேன். சர்க்கரை மாத்திரை போட்டாரா என்று கேட்பேன், கேழ்வரகுக் கூழ் கொண்டுபோய்க் கொடுப்பேன், ஆண்டிமடத்துக்கு நானே கூட்டிக்கொண்டு போய் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வந்தேன். மகனே, "எங்கம்மாவ அண்ணிதான் பாத்துக்கறாங்க" என்று ஊரெல்லாம் சொன்னான். எனக்கு அதைக் கேட்கக் கூசும். முன்பும் கூழ் கொடுத்திருக்கிறேன், முன்பும் மருந்து வாங்கி வந்திருக்கிறேன். அப்போதெல்லாம் எதற்காகச் செய்கிறேன் என்று யோசித்ததே இல்லை. இப்போது தூக்குச்சட்டியைக் கையில் எடுத்தால், இது அத்தைக்கா, அந்த இரும்பு கேட்டுக்கா என்று எனக்குள்ளேயே ஒரு குறுக்கு விசாரணை ஆரம்பித்துவிடுகிறது. அத்தையிடம் போய் உட்கார்ந்தால் பழைய மாதிரிச் சண்டை போடக்கூட முடியவில்லை. என் குழம்பைக் குறை சொன்னால் சிரித்துக்கொள்கிறேன். அவருக்கு அது பிடிக்கவில்லை, எனக்கும் தெரிகிறது.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, வாசலில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். உடம்பெல்லாம் வேர்வை. மகன் வெளியூர் போயிருந்தான். ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல், என் வீட்டுக்காரர் அவரைத் தூக்கிக் குட்டியானையின் முன் சீட்டில் உட்காரவைத்தார். நான் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து அவரைத் தோளோடு அணைத்துக்கொண்டேன். அரியலூர் பெரியாஸ்பத்திரிக்கு அந்தச் சாலையில் வண்டி பறந்தது. எனக்குக் கண்ணீர் நிற்கவே இல்லை. "சாமி, காப்பாத்து, காப்பாத்து" என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு வந்தேன்.

பாதி தூரத்தில் அத்தை கண்ணைத் திறந்தார். என் கன்னத்தைத் தடவினார். "அழுவாத ஆயி" என்றார். "அவங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கேன். நான் போனாலும் உங்க வண்டிய மறிக்கமாட்டான்."

"அதுக்கில்ல அத்தை, உங்களுக்காகத்தான் அழுவுறேன்" என்றேன்.

"தெரியும், தெரியும்" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார், அடம் பிடிக்கிற பிள்ளையைச் சமாதானப்படுத்துகிற மாதிரி. அத்தை பிழைத்துக்கொண்டார், இப்போதும் வாசலில் உட்கார்ந்து கொட்டை பொறுக்கிக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் அன்றைக்கு நான் சொன்னதை அவர் நம்பவில்லை. நானும் முழுசாக நம்பவில்லை.